முள் ஏன் ஏறி இறங்கியது?

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, டவுன்ஷிப் ரவுண்டானா ஒன்றில் எங்கள் கார் ஒரு சைக்கிளை முட்டியது.

முட்டியது என்பது பெரிய சொல். பின் மட்கார்டை லேசாகத் தொட்டது, அவ்வளவுதான். ஆனால் ஹேண்டில்பாரில் தொங்கிய டிபன் கேரியர் கழன்று உருண்டது. மேல் அடுக்கு திறந்து, புளிசாதம் ரோட்டில் கொட்டியது. சைக்கிள்காரர் இரண்டு மணி ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்த கான்ட்ராக்ட் தொழிலாளி. ஐம்பது வயது இருக்கும். நிதானமாக இறங்கி, ஸ்டாண்ட் போட்டு, கேரியரைக் குனிந்து எடுத்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் டிரைவர் பக்கம் வந்தார்.

"யம்மா, நான் ரெண்டு மணி ஷிஃப்டுக்குப் போய்கினு இருக்கேன். நேரா மேலோகத்துக்கு அனுப்பிடாத."

ஸ்டியரிங்கில் இருந்தது என் மனைவி தனம். பக்கத்து சீட்டில் நான்.

தனம் ஸ்டியரிங்கை விடாமல், ரோட்டில் கிடந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கே பாவமாகிவிட்டது போல. "சரி வுடும்மா, கீழ் அடுக்குல மோர்சாதம் அப்படியே இருக்குது. எனக்கு அது போதும்" என்றார். ஓட்டலில் ஏதாவது வாங்கித் தருகிறோம் என்றேன். "பஞ்ச் பண்ண நேரமாயிடும் சார்" என்று மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

அங்கிருந்து வீடுவரை வண்டியை நான் ஓட்டி வந்தேன். ஓட்டக்கூடாது. என் கண் டாக்டர் இந்தப் பத்திரிகைப் பத்தியைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் தனம் கார் சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். "இனிமே நான் தொடமாட்டேங்க" என்றாள்.

அந்த நேரத்தில் ஒரு கணவன் என்ன சொல்ல வேண்டும்? தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்கலாம். ஒன்றும் சொல்லாமல்கூட இருக்கலாம். நான் சொன்னது இது: "க்ளட்ச்ச மெதுவா விடணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"நான் விடவே இல்லீங்க. பாதி க்ளட்ச்ல கால அப்படியேதான் வெச்சிகினு இருந்தேன். ஆக்சிலேட்டர் மேல காலே இல்ல. வண்டி அதுவாதான் போச்சு."

தனத்துக்குப் பிறந்த ஊர் காடாம்புலியூர். எல்லா மாவட்டத்துக்காரர்களும் கலந்து வாழும் டவுன்ஷிப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் குவார்ட்டர்ஸில் இருந்ததில், அவள் பேச்சு பாலிஷ் ஆகிவிட்டது. கோபமோ துக்கமோ வந்தால் மட்டும்தான் அந்த 'கினு' தலைகாட்டும். மீட்டரில் சிவப்புக் கோடு மாதிரி. அதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்காமல் தொடர்ந்தேன்.

"எந்த மெஷினும் தானா எதுவும் செய்யாது தனம். பின்னாடி ஒரு ஆள் இருப்பான்."

அனல் மின் நிலையத்தில் பணியில் இருந்தபோது விசாரணைக் கமிட்டிகளில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் எதிரில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். தனம் சமையலறைக்குப் போய்விட்டாள்.

கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். போன வருஷம் என் வலது கண்ணில் விழித்திரைக்குள் ரத்தக் கசிவு. ஊசி போட்டு நிறுத்தினார்கள். இழந்த பார்வையில் பாதிதான் திரும்பியது. டாக்டர் கார் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். மகன் வெளிநாட்டில். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, டவுன்ஷிப்புக்கு வெளியே நாங்கள் கட்டிய வீட்டுக்கு வந்துவிட்டோம். இங்கே பஸ் நினைத்தால் வரும். ஆக, இனி இந்த வீட்டில் ஒரு கார் ஓட வேண்டுமானால் தனம்தான் ஓட்ட வேண்டும்.

தனத்திடம் லைசென்ஸ் இருக்கிறது. பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த காலத்தில், டவுன்ஷிப் பெண்கள் சேர்ந்து டிரைவிங் கற்றுக்கொண்ட ஒரு சீசனில் எடுத்தது. அதன் பிறகு அவள் ஓட்டியதே இல்லை. லைசென்ஸை மட்டும் காலாவதி ஆகாமல் நான் புதுப்பித்துக்கொண்டே வந்தேன். காகிதப்படி அவள் முப்பது வருஷம் விபத்தே செய்யாத ஓட்டுநர்.

எனவே இரண்டு மாதம் முன்பு, சொந்த ஊருக்குக் கிளம்பிய ஒரு நண்பரிடமிருந்து பத்து வயதுள்ள பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். வாங்கும் முன் நாற்பத்திரண்டு அம்சங்களைச் சரிபார்த்தேன். லிஸ்ட் இன்னும் இருக்கிறது, வேண்டுபவர்களுக்கு அனுப்பிவைக்கிறேன். மத்தியான வேளைகளில் டவுன்ஷிப் ரோடுகள் காலியாக, மரநிழலோடு இருக்கும். அங்கே தினமும் ஒரு மணி நேரம் தனம் ஓட்டிப் பழகினாள். நன்றாகத்தான் ஓட்டினாள்.

இதற்கு நடுவில் அவள் தங்கை மல்லிகா முந்திரித் தோப்பில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். காடாம்புலியூரில் தனியாக இருப்பவள். கணவர் இல்லை, மகள் திருப்பூரில். மாவுக்கட்டுப் பிரித்தாகிவிட்டது, முட்டி மடங்கவில்லை. இந்தத் திங்கட்கிழமை முதல் வாரம் மூன்று நாள், இரண்டு மாதத்துக்கு டவுன்ஷிப்பில் பிசியோதெரபி. மடங்காத காலோடு பஸ் படி எப்படி ஏறுவாள்? "நானே வந்து கூட்டிட்டுப் போறேன்டி" என்று தனம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

வாடகைக்கு ஒரு கார் பிடித்தால் போகிறது என்பீர்கள். பிடிக்கலாம்தான். ஆனால் எனக்கு ஒன்று தெரியும். திங்கட்கிழமை தனம் அந்த ஸ்டியரிங்கில் உட்காரவில்லை என்றால், அப்புறம் எப்போதும் உட்காரமாட்டாள். அறுபதை நெருங்கும் வயதில் ஒரு பயம் உள்ளே வந்தால் அது காலி செய்யாது. குவார்ட்டர்ஸ் மாதிரி நோட்டீஸ் கொடுத்து வெளியேற்றவும் முடியாது.

செவ்வாய் சாயங்காலம், அவள் கோயிலுக்குப் போயிருந்த சமயம், சாவியை எடுத்துக்கொண்டு போய் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். ஆக்சிலேட்டரைத் தொடாமல், இன்ஜின் சுற்று வேகத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்தேன். எண்ணூறில் நின்றது. தானாகவே ஆயிரத்து ஐந்நூறுக்கு ஏறியது. இறங்கியது. ஒரு குலுக்கு. மறுபடி ஏறியது. மாடிப்படி ஏறி வந்த ஆள் மூச்சு வாங்குவது மாதிரி... இதற்கு டர்பைனில் ஹண்டிங் என்று பெயர். தன் வேகம் எது என்று தெரியாமல் இயந்திரம் தேடி அலைவது.

பாதி க்ளட்ச்சில் நிற்கும்போது இன்ஜின் இப்படித் தானாக ஏறினால் வண்டி என்ன செய்யும்? முன்னால் பாயும். தனம் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி.

கோயிலிலிருந்து வந்தவளிடம் அதைச் சொன்னேனா? இல்லை. ஆய்வு முடியாமல் இடைக்கால அறிக்கை தருவது என் வழக்கமில்லை.

புதன்கிழமை காலை ஒரு புது நோட்டு போட்டேன். எந்தப் பழுதானாலும் படிப்படியாக எழுதி வைக்கும் என் நோட்டுகளைப் பற்றித் தொடர்ந்து படிக்கும் உங்களுக்குத் தெரியும். வேலை என்று இறங்கினால் எனக்கு முதல் படி எப்போதும் ஒன்றுதான்: மின்சாரத்தைத் துண்டிப்பது. பானெட்டைத் திறந்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி ஓரமாக வைத்தேன். 'வேலை நடக்கிறது, இயக்காதே' என்று சிவப்பு அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் மாட்டினேன்.

தனம் வாசலில் நின்று பார்த்தாள். "வீட்ல இருக்கறது நாம ரெண்டு பேரு. நான் தொடமாட்டேன்னு நேத்தே சொல்லிட்டேன். இது யாருக்கு?"

"இது பழக்கம்."

பழக்கம்தான். ஆனால் அதற்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறொரு மாநிலத்தில் பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே ஒருவர் சப்ளையைத் துண்டிக்காமல், அட்டை மாட்டாமல், நின்றிருந்த கன்வேயர் பெல்ட்டில் கை வைத்தார். அரை கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொருவர் ஸ்விட்சைப் போட்டார். அன்று கேட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு முப்பத்து நாலு வருஷம், துண்டிக்காத எந்தக் கருவியையும் நான் தொட்டதில்லை. என் கீழ் வேலை செய்த யாரையும் தொட விட்டதுமில்லை.

புதனன்று ஏர் ஃபில்டரை மாற்றினேன். பழுப்புத் தூசி அப்பிக் கிடந்தது. ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன். பேட்டரி வயரை மாட்டி ஸ்டார்ட் செய்தேன். இரண்டு நிமிஷம் பார்த்தேன். முள் ஏறி இறங்கியது. 'மாற்றமில்லை' என்று எழுதிவிட்டு, மறுபடி வயரைக் கழற்றி, அட்டையை மாட்டி, கை கழுவினேன். வேலை முடியும்வரை துண்டிப்பு நீடிக்க வேண்டும் இல்லையா?

வியாழக்கிழமை வயரை மாட்டி இன்ஜினை ஓடவிட்டுக் காற்றுக் கசிவைத் தேடினேன்; இதற்கு மட்டும் அது ஓடித்தான் ஆக வேண்டும். இன்ஜின் அளவு பார்த்து உறிஞ்சும் காற்றோடு, ஏதாவது ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்றும் உள்ளே போனால், வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம், அதாவது ஐடிலிங், இப்படித்தான் அலையும். ஒரு முழம் ரப்பர் ட்யூபை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை இன்ஜினைச் சுற்றி ஒவ்வொரு இணைப்பாக நகர்த்தினேன். கண்ணில்தான் கோளாறு, காது நன்றாக இருக்கிறது. பதினைந்தாவது நிமிஷம் கேட்டது: ஸ்ஸ்ஸ்...

இன்ஜினுக்குப் பின்புறம், வெளியே தெரியாத இடத்தில், விரல் தடிமனுள்ள ரப்பர் ஹோஸ் ஒன்று வளைவில் கீறி இருந்தது. கைவிரலால் கீறலை மூடினால் இன்ஜின் சத்தமே மாறியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முறைப்படி வண்டியை நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றி, ஹோஸை உருவிக்கொண்டு போய் அதே அளவில் புதிது வாங்கி வந்து மாட்டினேன். க்ளிப்பை முறுக்கினேன். வயரை இணைத்தேன். தனத்தைக்கூடக் கூப்பிட்டேன், "வந்து பாரு."

ஸ்டார்ட் செய்தேன். முள் எண்ணூறு... ஆயிரத்து நானூறு... எண்ணூறு.

"பாத்துட்டேன்" என்று உள்ளே போனாள்.

நோட்டில் எழுதினேன்: 'ஹோஸ் மாற்றப்பட்டது. கோளாறு நீடிக்கிறது. எனவே மூல காரணம் வேறு.' எழுத்துப் பிழைகூட இல்லாத வாக்கியம். முழுக்கத் தப்பு.

வெள்ளிக்கிழமை எனக்குப் பாண்டிச்சேரியில் கண் பரிசோதனை. ஊருக்குப் போகும்போது வண்டியை நகர்த்த முடியாத நிலையில் விட்டுப் போகக்கூடாது என்பதால், காலையில் பேட்டரி வயரை மாட்டிவிட்டு பஸ் ஏறினேன். கண்ணில் சொட்டு மருந்தோடு சாயங்காலம் திரும்பி வந்தால், தனம் முகத்தில் ஒரு தெளிச்சல்.

"எதிர் வீட்டுக்கு ஜல்லி லாரி வந்துச்சுங்க. நம்ம வண்டி அடைச்சிட்டு நின்னுது. நகர்த்துங்கம்மா, நகர்த்துங்கம்மான்னு ஒரே சத்தம். வேற வழியில்லாம எடுத்து, தெருமுனை வரைக்கும் ஓட்டிட்டுப் போய் நிறுத்தினேன்."

"நீயா?"

"பின்ன ஜல்லிக்காரனா? ஆஃப் பண்ணினா மறுபடி ஸ்டார்ட் ஆகுமோ ஆகாதோன்னு, அப்படியே ஓடவிட்டு பக்கத்துலயே நின்னேன். அவன் கொட்டி முடிக்க அரை மணி நேரம் ஆச்சு. திரும்ப ஓட்டிட்டு வந்து நிறுத்தினேன். திரும்பறப்ப வண்டி குதிக்கவே இல்லீங்க. பூனை மாதிரி வந்துச்சு. சரியாயிடுச்சு."

"தானா எப்படிச் சரியாகும்? விட்டுவிட்டு வர்ற கோளாறு. அதுதான் ஆபத்து. நாளைக்குப் பார்க்கிறேன்."

"சரியானத எதுக்குப் பாக்கணும்?"

நியாயமான கேள்வி. அப்போது அது எனக்கு அறியாமையின் குரலாகக் கேட்டது.

சனிக்கிழமை காலை முறைப்படி வயரைக் கழற்றினேன். இன்ஜினுக்குக் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியைச் சுத்தமாகத் துடைத்தேன். சென்சார் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். வயரை இணைத்துத் தனத்தைக் கூப்பிட்டேன். நேற்று தானே ஓட்டிய தெம்பில் உடனே வந்தாள். சேலையைச் செருகிக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்து, அழகாகக் கிளம்பினாள். தெருமுனையில் ஸ்பீட் பிரேக்கர். அவள் வேகம் குறைத்து, க்ளட்ச்சைப் பாதி மிதித்துத் தயங்கிய நொடியில் இன்ஜின் உறுமியது. வண்டி ஒரு பாய்ச்சல் பாய்ந்து, மேடு ஏறிக் குதித்து, அணைந்து நின்றது. புதனன்று இருந்ததைவிட மோசம்.

"பார்த்தியா, நான் சொன்னேன்ல?" என்றேன். கோளாறு திரும்ப வந்ததில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

தனம் இறங்கினாள். வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வண்டியைத் திருப்பி வாசலில் நிறுத்தி, வயரைக் கழற்றி, அட்டையை மாட்டிவிட்டு நான் உள்ளே போனபோது போனில் பேசிக்கொண்டிருந்தாள். "மல்லி... திங்கக்கெழமைக்கு வேற ஏற்பாடு பாத்துக்கடி. எனக்கு வராது. இல்லடி, ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு வராதுடி, அவ்ளோதான். இத்தன வயசுக்கு மேல எதுக்கு இந்த ஆசையெல்லாம் வெச்சிகினு..."

முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் பெரிய பெரிய இயந்திரங்கள் நின்றுபோய்ப் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழுமலையைக் கூப்பிட்டேன். ஏழுமலை சேத்தியாத்தோப்பு ரோட்டில் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். நாற்பத்தைந்து வயது, வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய். முதல் நாளே கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் அவர் செய்யப்போவதை எல்லாம் நாமே செய்து முடித்துவிட வேண்டும் என்பது என் கொள்கை. தனம் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள்.

வந்தவர் பானெட்டைத் திறக்கவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

"இது இன்னா சார், சிவப்பா? ஆசுபத்திரி கட்டில்ல தொங்கவுடற மாதிரி?"

விளக்கினேன். நோட்டையும் காட்டினேன். பக்கம் பக்கமாகப் பொறுமையாகப் பார்த்தார். பாதியில் ஏலக்காயைக் கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"ஒவ்வொரு தபாவும் பேட்டரி வயர கழட்டினீங்களா?"

"ஆமாம். வேலை ஆரம்பிக்கிறப்ப கழட்டுவேன். முடிஞ்சதும் மாட்டி டெஸ்ட் பண்ணுவேன். அப்புறம் பாதுகாப்புக்கு மறுபடி கழட்டிடுவேன்."

"டெஸ்ட்டு எவ்ளோ நேரம்?"

"ரெண்டு நிமிஷம்."

ஏழுமலை நோட்டை மூடி மரியாதையாக என் கையில் கொடுத்தார்.

"சார், ஓஸ் மாத்தினீங்க பாருங்க, அது கரெக்ட்டு. அத கண்டுபுடிக்கவே எங்க பசங்களுக்கு ரெண்டு நாளாவும். வியாழக்கெழமையே வேல முடிஞ்சிபோச்சி சார். அதுக்கப்பறம் வண்டிக்கு ஒண்ணும் இல்ல. நீங்கதான் அத வுடாம மறக்கடிச்சிகினு இருக்கீங்க."

"மறக்கடிக்கிறதா?"

"இதுல இருக்கற கம்ப்யூட்டரு, ஐடிலிங்ல எவ்ளோ காத்து வேணும்னு ஓடி ஓடிக் கத்துக்கினு நெனப்புல வெச்சிருக்கும். கரண்ட்ட புடுங்கினா எல்லாம் மறந்துபோவும். திரும்ப மாட்டுனா மொதல்லேர்ந்து கத்துக்கணும். ஏறும், எறங்கும், தடுமாறும். சும்மா ஒரு கால் மணி நேரம் ஓடவுட்டா தானா புடிச்சிக்கும். நீங்க அது கத்துக்கறதுக்குள்ள புடுங்கிடறீங்க. மறுபடி மாட்டறீங்க, மறுபடி புடுங்கறீங்க. பாவம், அது இன்னா பண்ணும்?"

வெள்ளிக்கிழமை ஜல்லி லாரி. அரை மணி நேரம் ஓடிக்கொண்டே நின்ற வண்டி. நான் ஊரில் இல்லாத ஒரே நாள்.

"கழட்டறது தப்பில்ல சார்" என்று ஏழுமலை அவசரமாகச் சேர்த்துக்கொண்டார், என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை. "கழட்டி மாட்டுனா அதுக்குக் கொஞ்சம் டைம் குடுக்கணும், அவ்ளோதான்."

வயரை மாட்டி, ஸ்டார்ட் செய்து, ஏசி, ஃபேன், லைட் எல்லாவற்றையும் அணைத்தார். "இப்ப நாம ஒண்ணும் பண்ணக் கூடாது" என்றார்.

கால் மணி நேரம் ஒன்றும் செய்யாமல் நிற்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா? முள் ஏறும்போதெல்லாம் என் கை பானெட்டை நோக்கிப் போனது. ஏழுமலை பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒவ்வொரு தடவையும் நடுவில் வந்து நின்றார். மழை, பலாப்பழம், அவர் மகளின் பிளஸ் டூ... ஏழெட்டு நிமிஷத்தில் ஏற்றம் சின்னதாகியது. பத்தில் ஒரு சிலிர்ப்பு மாதிரி மட்டும். அப்புறம் முள் எண்ணூறில் படுத்துவிட்டது. ஏசியைப் போட்டார். ஒரு தடவை முக்கி, ஏறி, அங்கேயே நின்றது.

பிறகு காரோடு வந்த மேனுவலைப் புரட்டினேன். எல்லாம் இருக்கிறது. இன்ஜின் பற்றிய அத்தியாயத்தில் அல்ல, பேட்டரி அத்தியாயத்தின் கடைசியில், சின்ன எழுத்தில். இன்ஜின் அத்தியாயத்தை நான் இரண்டு தடவை அடிக்கோடிட்டுப் படித்திருந்தேன்.

தனம் டீயோடு வெளியே வந்தாள். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டிருக்கிறாள் என்பது டம்ளரை வைத்த விதத்திலேயே தெரிந்தது.

"ஏழுமலை, ஒண்ணு கேக்கறேன். செவ்வாக்கெழமை சைக்கிள்மேல போச்சே, அது என் காலா?"

"அது ஓஸ் கீறினதுங்கம்மா. உங்க கால் இல்ல. யாரு ஓட்டினாலும் போயிருக்கும்."

"நேத்து ஸ்பீட் பிரேக்கர்ல?"

ஏழுமலை டீயை ஒரு வாய் குடித்தார். என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "அது... சாருங்க" என்றார்.

அவர் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஓடிக்கொண்டிருந்த வண்டி பக்கத்திலேயே நின்றோம். அதை அணைக்க எனக்குத் தைரியம் இல்லை. இன்னொன்றைச் சொல்ல அதைவிட அதிகத் தைரியம் வேண்டியிருந்தது.

"தனம், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ கோயிலுக்குப் போயிருந்தப்பவே ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துட்டேன். உன் கால் இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"அன்னைக்கேவா?"

"ஆமா."

"அஞ்சு நாளா சொல்லல."

"முழுசாப் பார்த்துட்டு, மொத்தமா..."

"வூட்டுக்குள்ள எதுக்குங்க ரிப்போர்ட்டு? 'ஒன் கால் இல்லடி'ன்னு ஒரு வார்த்த. அத கேட்டிருந்தா நான் எத்தனாம் நம்பர் டெஸ்ட்டுன்னாகூட வண்டில ஏறி உக்காந்திருப்பேன். அஞ்சு ராத்திரி அந்தச் சோறு ரோட்டுல கெடந்ததே கண்ணு முன்னாடி வந்துகினு இருந்துச்சு."

என்னிடம் இருந்த பதில்கள் எல்லாம் நோட்டில் எழுதக்கூடியவை.

"மன்னிச்சுக்கோ" என்றேன். எங்கள் வீட்டில் அதிகம் புழங்காத சொல். அவளுக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். "சரி, டீ ஆறுது" என்றாள்.

பழுதைக் கண்டுபிடிக்க ஆயிரம் முறைகள் எழுதி வைத்திருக்கிறோம். பழுது தீர்ந்த பிறகு கையை எடுத்துக்கொண்டு, அது தன்னால் நிலைக்கு வரும்வரை பொறுத்திருப்பதற்கு அதிகம் பேர் பயிற்சி எடுப்பதில்லை. இயந்திரத்துக்கு மட்டும் சொல்லவில்லை. மகனிடம் வாரம் மூன்று தடவை போனில் விசாரித்து விசாரித்து, அவன் சரியாகிவிட்ட விஷயங்களையெல்லாம் மறுபடி கிளறியது ஞாபகம் வந்தது. ஒரு மனிதன் நேராக ஓட ஆரம்பிக்கும் கால் மணி நேரத்தை அவனுக்கு விடுகிறோமா?

சாயங்காலம் தனம் மல்லிகாவுக்குப் போன் செய்தாள். பிறகு என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: நான் முன் சீட்டில் உட்காரக்கூடாது. நான் அங்கே உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிப்பது அவளுக்குத் தெரிகிறதாம்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். பின் சீட்டில் நான். முந்திரித் தோப்புகளுக்கு நடுவே, பஸ்களுக்கு வழி விட்டு, லாரிகளுக்கு ஒதுங்கி, காடாம்புலியூர் போய்ச் சேர்ந்தாள். மல்லிகா வாசலில் ஊன்றுகோலோடு நின்றிருந்தாள். டிரைவர் கதவு திறந்து அக்கா இறங்குவதைப் பார்த்ததும் அவள் பார்வை காருக்குள் வேறு யாரையோ தேடியது.

"நீயாக்கா ஓட்டிகினு வந்த? நெசமாவா?" பிறகு சந்தேகத்தோடு என்னைப் பார்த்தாள். "மாமா, நல்லா ஓட்டுதா அக்கா? நம்பி ஏறலாமா? இருக்கறது ஒரு காலு."

எத்தனையோ கருவிகளுக்குத் தகுதிச் சான்று கொடுத்தவன் நான். "தாராளமா ஏறு. ரொம்ப நல்லா ஓட்டுறா" என்றேன்.

"அவருக்கு எப்படிடி தெரியும்?" என்றாள் தனம், தங்கையின் காலுக்கு இடம் வரும்படி முன் சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டே. "வழியெல்லாம் கண்ண மூடிகினு வந்தாரு."

அது முழு உண்மை அல்ல. ரயில்வே கேட்டில் நின்றபோது ஒரு தடவை திறந்தேன்.